பொதுக்கல்வியில் ‘பொது’ எப்போது வந்தது?

கேள்வி இது: “காலனி ஆட்சியில் பொதுக்கல்வி எப்படி, எதற்காகத் தொடங்கியது? குமாஸ்தாக்களை உருவாக்கத்தான் மெக்காலே பள்ளிக்கூடம் கொண்டுவந்தார் என்கிறார்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இங்கே எல்லோரும் படித்திருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். எது சரி?”

இரண்டுமே பாதிதான் சரி. சென்னை மாகாணத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். 1820களிலேயே கலெக்டர்கள் எடுத்த பள்ளிக் கணக்கு இங்கே இருக்கிறது என்பதால், ஊகத்துக்கு அதிகம் வேலையில்லை.

முதலில் ‘பொது’ என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளியைப் பொதுப்பள்ளி என்று சொல்ல மூன்று காரணங்கள் இருக்கலாம். நடத்தும் பணம் பொதுப்பணம். மேற்பார்வை அரசுடையது. வாசல் யாருக்கும் திறந்தது. இன்று மூன்றையும் ஒன்றாகவே நினைக்கிறோம். சென்னை மாகாணத்தில் இவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களின் தேவைக்காக வந்தவை. வாசல்தான் கடைசியில் திறந்தது, அதுவும் அரைகுறையாக.

அதற்கு முன் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். வாத்தியாருக்கு, தெற்கே சில இடங்களில் அண்ணாவிக்கு, சம்பளம் என்று ஒரு கை கொடுப்பதில்லை. பிள்ளைக்கு மாதம் 4 அணாவிலிருந்து 8 அணா வரை, அறுப்புக் காலத்தில் நெல், நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடு வீடாகப் போய் வாங்கிவரும் காசு, இப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். எல்லாம் கூட்டினாலும் பெரும்பாலானவர்களுக்கு மாதம் 6, 7 ரூபாய் தேறாது என்று கவர்னர் தாமஸ் மன்றோவே எழுதியிருக்கிறார். ஆக அது இலவசப் பள்ளி இல்லை. கட்ட முடிந்தவன் பிள்ளையை அனுப்பினான்.

அன்றாடம் அது எப்படி நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி, பல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை. காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி: புகழும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடும். சோம்பேறிப் பையனைக் கூரையிலிருந்து கையைக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் அதற்குக் கோதண்டம் போடுவது என்று பெயர். ‘அந்தக் காலத்துக் குருகுல அன்பு’ என்று உருகுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பிள்ளைகளைப் பெரும்பாலும் நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள். கீழ் வகுப்புகளை மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். மேல் வகுப்பு வாத்தியாரிடம். எழுத்து முதலில் மணலில் விரலால், பிறகு ஓலையில் எழுத்தாணியால். வாயால் சொல்லி மனப்பாடம் செய்த பிறகு எழுதுவது ஐரோப்பிய வழக்கம். இங்கே கையால் எழுதிக்கொண்டே வாயால் சொல்வது. மணலுக்குச் செலவில்லை, தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டுத் திரும்ப எழுதலாம். கேம்பெல் இந்தச் சிக்கனத்தைப் பாராட்டினார். கூடவே ஒரு குறையையும் சொன்னார்: பிள்ளைகள் செய்யுள் நூல்களைத் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் அந்தச் செய்யுள் நடை வீட்டுப் பேச்சிலிருந்து வெகுதூரம், அதனால் பொருள் தெரிவதில்லை.

தமிழ்ப் பகுதியில் அரிச்சுவடிக்குப் பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று ஒரு பக்கம் போகும். மறுபக்கம் எண்சுவடி. பள்ளி எதற்கு இருந்தது என்பதை எண்சுவடியைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். முந்திரி என்பது 320-ல் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80-ல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, 20-ல் ஒன்று. ஐந்து மா சேர்ந்தால் கால். இந்தப் பின்னங்களைப் பெருக்கியும் கூட்டியும் நாக்கு நுனியில் வைத்திருக்க வேண்டும். நெல்லிலக்கம் நெல் அளக்க, பொன்னிலக்கம் பொன் நிறுக்க, குழிமாற்று நிலம் அளக்க. கணக்குப்பிள்ளையும் வியாபாரியும் மிராசுதாரின் காரியஸ்தனும் செய்கிற வேலைக்கு வேண்டியது இதுதான். குமாஸ்தாவை உருவாக்கும் கல்வியை மெக்காலே கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே அது நம் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது, எழுதியவன் மட்டும் வேறு எஜமானுக்கு எழுதினான்.

இந்தத் திண்ணையிலிருந்து ஒரு பொருள் கப்பலேறி இங்கிலாந்து போனது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் இந்தியா வந்து, 1789-லிருந்து சென்னை எழும்பூர் ஆண் அனாதை விடுதியின் பொறுப்பில் இருந்தார். இன்று எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில்தான் அந்த விடுதி இருந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள். அந்த விடுதியின் நோக்கமே, அவர்களைத் தாய்வழிப் பழக்கத்திலிருந்து பிரித்து, கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, உதவும் ஒழுங்கான ஆட்களாக ஆக்குவது.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பெல் பார்க்கிறார். விடுதியில் அதேபோல் செய்யுங்கள் என்கிறார். உதவி ஆசிரியர் மறுக்கிறார், முடியாது என்கிறார். சரி என்று ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் கடைசி வகுப்பை ஒப்படைக்கிறார். பையன் சொல்லிக்கொடுத்துவிடுகிறான். அங்கிருந்து பிள்ளையே பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ‘மெட்ராஸ் முறை’ பிறக்கிறது. பெல் 1796-ல் ஊர் திரும்பி, அடுத்த வருஷமே அதைப் புத்தகமாக அச்சிட்டார். அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதைப்போன்ற ஒன்றை நடத்த, இருவரில் யார் முதல் என்று பெரிய சண்டை. சட்டாம்பிள்ளையைக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

இங்கிலாந்தில் இந்த முறை ஏன் அப்படிப் பரவியது என்பதும் நம் கேள்விக்குள் வருகிறது. ஆலைகள் பெருகுகின்றன, ஏழைப் பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள், பிரெஞ்சுப் புரட்சியின் பயம் வேறு. ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் உட்காரவைக்க ஒரு மலிவான வழி கிடைத்தது. 1811-ல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி தன் பெயரிலேயே நோக்கத்தை வைத்திருந்தது: ஏழைகளை அரச திருச்சபையின் கொள்கைப்படி கற்பிப்பது. ஏழைப் பிள்ளைக்கு அவன் நிலைக்கு மீறிய கல்வி வேண்டியதில்லை, வேதம் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்ற கருத்து பெல்லுக்கே இருந்தது. அதனால் காலனிக்கு ஒரு கல்வி, தாய்நாட்டுக்கு வேறு கல்வி என்று சுலபமாகப் பிரிக்க முடியாது. அடித்தட்டு மக்களை அடக்கமாக வைத்திருக்கும் பள்ளி இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் பெல்லின் பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் நடக்கிறது.

கும்பினி இங்கே பள்ளிக்குக் காசு கொடுத்ததற்குப் பழைய உதாரணம் 1780களின் நடுவில் கிடைக்கிறது. தஞ்சையில் இருந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரும் கும்பினியின் பிரதிநிதியான ரெசிடென்ட் ஜான் சலிவனும் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் வைத்தார்கள். கும்பினி பள்ளிக்கு ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கியது. அரண்மனை, மிராசு, உத்தியோகக் குடும்பத்துப் பிள்ளைகளோடு துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரடியாகப் பேச முடிய வேண்டும் என்பது அதன் கணக்கு. பொதுமக்கள் அந்தக் கணக்கில் இல்லை.

பொதுமக்களை முதன்முதலில் எண்ணிப் பார்த்தவர் மன்றோ. 1822 ஜூன் 25 அன்று ஒரு குறிப்பு எழுதி, ஒவ்வொரு கலெக்டருக்கும் ஒரு படிவம் அனுப்பச் சொன்னார். எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, ஆண், பெண், பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியார், முஸ்லிம்கள். பதில் வந்து சேர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. கனரா கலெக்டர் எண்களே அனுப்பவில்லை. சென்னை நகரத்திலிருந்து, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 26,900 என்று வந்தது. பள்ளியில் படிப்பவர்களைப்போல் ஐந்து மடங்கு. இதில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று மன்றோவே எழுதினார். மற்ற ஜில்லாக்கள் வீட்டுப் படிப்பை எண்ணவே இல்லை. இந்தக் கணக்கைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

1826 மார்ச் 10-ல் அவர் தொகுத்த முடிவு: மக்கள்தொகை 1,28,50,941; பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்ந்து 12,498; மாணவர்கள் 1,88,650. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. மொத்த மக்களில் சுமார் 67 பேருக்கு ஒருவர் படிக்கிறார். மன்றோ அங்கே நிறுத்தவில்லை. ஆண்கள் பாதி, அதில் 5 வயது முதல் 10 வயது வரை உள்ளவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் 7,13,000 பையன்கள். பள்ளியில் இருப்பவர்கள் 1,84,110. ஆக நாலில் ஒருவனுக்குச் சற்று மேல். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் இருக்கலாம் என்றார். கொஞ்ச காலம் முன்பு வரை ஐரோப்பாவின் பல நாடுகளில் இந்த அளவுகூட இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். மொத்தத்தில் பையன்களைக் கழித்துப் பாருங்கள், மாகாணம் முழுக்கப் பெண்பிள்ளைகள் நாலாயிரத்துச் சொச்சம்.

1931 அக்டோபரில் காந்தி லண்டனில் பேசும்போது, நூறு வருஷத்துக்கு முன்பு இந்தியாவில் இன்றைவிட அதிகம் பேர் படித்திருந்தார்கள், அந்த அழகான மரத்தை ஆங்கிலேயர் வேரோடு அழித்தார்கள் என்றார். ஆங்கிலேயக் கல்வியாளர் ஃபிலிப் ஹார்டாக் ஆதாரம் கேட்டுப் பல வருஷம் மல்லுக்கு நின்றார். அந்தச் சண்டையில் இரு தரப்பும் பிடித்துக்கொண்டது இந்த மன்றோ கணக்கையும் இதுபோன்ற அறிக்கைகளையும்தான். தமிழ் ஜில்லாக்களில் பிள்ளைகளில் பெரும்பான்மை ‘சூத்திரரும் அதற்குக் கீழே உள்ளவர்களும்’ என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். நிலம் வைத்திருந்த வேளாளரும் அதில்தான், கடைக்காரரும் கைவினைஞரும் அதில்தான். ‘மற்ற சாதியார்’ என்ற கட்டத்தை ஒவ்வொரு கலெக்டரின் கச்சேரியும், அதாவது அலுவலகமும், தன் போக்கில் நிரப்பியது. பறையர், பள்ளர் பிள்ளைகள் ஊர்த்திண்ணையில் சமமாக உட்கார்ந்து படித்தார்கள் என்று இந்த எண்களிலிருந்து நிரூபிக்க முடியாது. திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் திண்ணை. யார் ஏறலாம் என்பதை வீடு முடிவு செய்தது.

மரம் பட்டுப்போனதற்கு வேறு வகையான சாட்சி இருக்கிறது, அதுவும் கேம்பெல்லிடமிருந்தே. பல்லாரியில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு 533 பள்ளி. அதில் கன்னடம் 235, தெலுங்கு 226, மராத்தி 23, பாரசீகம் 21, சமஸ்கிருதம் 23, தமிழ் 4, ஆங்கிலம் ஒன்றே ஒன்று. படிப்பவர்கள் 7,000 பேர்கூட இல்லை. முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை என்று எழுதிவிட்டு, காரணத்தையும் சொல்கிறார்: இங்கிலாந்துத் துணி வந்து நெசவாளர் கை ஒடிந்தது, பட்டாளத்தை எல்லைக்கு அனுப்பியதால் தானியத்துக்குக் கிராக்கி குறைந்தது, ஊர்ப்பணம் கடல் கடந்து போகிறது. பெற்றவர்களிடம் 4 அணா இல்லை, பள்ளி மூடியது. பள்ளியை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை.

மன்றோவின் தீர்வு எளிமையானது. ஒவ்வொரு கலெக்டரேட்டிலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரண்டு பெரிய பள்ளி. ஒவ்வொரு தாசில்தாரிக்கும் ஒரு பள்ளி. மாதச் செலவு இப்படி: சென்னைப் பாடப்புத்தகச் சங்கத்துக்கு 700 ரூபாய், 40 கலெக்டரேட் பள்ளிக்கு வாத்தியாருக்கு 15 ரூபாய் வீதம் 600, 300 தாசில்தாரிப் பள்ளிக்கு 9 ரூபாய் வீதம் 2,700. ஆக 4,000. வருஷத்துக்கு 48,000. ஒன்றேகால் கோடிப் பேர் உள்ள மாகாணத்தின் மொத்தக் கல்விச் செலவு இது. வாத்தியார் இதோடு பிள்ளைகளிடம் சம்பளமும் வாங்கிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்துக் கிராம வாத்தியாரைவிட நன்றாகவே இருப்பார் என்று மன்றோ நம்பினார்.

அவர் 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். பாதிப் பள்ளிகள்கூட எழவில்லை. 9 ரூபாய்க்கு நல்ல ஆள் வரவில்லை. வந்தவர், முன்பு திண்ணையில் செய்ததையே கச்சேரிக்குப் பக்கத்தில் செய்தார். 1836-ல் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டார்கள்.

மூடியதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை, லண்டனின் மனமும் மாறியிருந்தது. 1830 செப்டம்பரில் கும்பினியின் இயக்குநர்கள் சென்னைக்கு எழுதிய கடிதம், மக்களை உயர்த்துவதில் அதிகம் பலன் தருவது மேல்தட்டினரின் கல்விதான் என்று சொல்லிவிட்டது. மேலே கொடுத்தால் கீழே தானாக வடியும் என்பது கருத்து. கவனியுங்கள், மெக்காலே குறிப்பு எழுதியது 1835 பிப்ரவரி 2, கல்கத்தாவில். அவர் புதுப்பாதை போடவில்லை. ஏற்கெனவே போட்ட பாதையில் தமக்கே உரிய திமிரோடு நடந்தார். நமக்கும் நாம் ஆளும் கோடிக்கணக்கானவர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்களாக ஒரு வகுப்பு வேண்டும் என்று எழுதியது உண்மை. ‘இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை’ என்று அவர் அதே தேதியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக வாட்ஸாப்பில் சுற்றுவது பொய். அன்று அவர் இருந்தது கல்கத்தாவில்.

அடுத்து நடந்ததை ‘திணித்தார்கள்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. 1839-ல் சென்னைவாசிகள் ஏறக்குறைய 70,000 கையெழுத்தோடு, எங்களுக்கு ஆங்கில உயர்கல்வி வேண்டும் என்று கவர்னர் எல்ஃபின்ஸ்டனிடம் மனுக் கொடுத்தார்கள். 1841-ல் அரசு உயர்நிலைப் பள்ளி திறந்தது. பின்னாளில் மாநிலக் கல்லூரி ஆனது அதுதான். 1842-ல் பச்சையப்ப முதலியார் விட்டுப்போன அறக்கட்டளைப் பணத்தில் இன்னொரு பள்ளி. இந்த ஆவலை இன்னும் கூட்டும்படி, 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிங்கின் அரசு, உத்தியோகத்தில் ஆங்கிலம் படித்தவனுக்கு முதலிடம் என்று அறிவித்தது. 1850களின் முடிவில் சென்னையில் மாதம் 25 ரூபாய்க்கு மேற்பட்ட வேலைக்குப் பரீட்சை வந்தது. கீழ்வாயிலக்கம் என்ற பின்ன வாய்ப்பாடு தெரிந்த கணக்குப்பிள்ளை மகனுக்கு இனி அது போதாது. கல்வியின் சமூக நோக்கத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடுவதைவிட இந்த 25 ரூபாய்க் கோட்டில் தேடுவது மேல்.

1854 ஜூலையில், கும்பினியை மேற்பார்த்த லண்டன் வாரியத்தின் தலைவர் சார்லஸ் வுட் பெயரில் வந்த கடிதம் மேலிருந்து வடியும் கொள்கையை ஏட்டளவில் கைவிட்டது. கல்வி இலாகா, இன்ஸ்பெக்டர்கள், பல்கலைக்கழகம், தனியார் பள்ளிக்கு மானியம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. சென்னையில் 1855-ல் ஏ. ஜே. ஆர்பத்நாட் முதல் இயக்குநரானார். 1857 செப்டம்பரில் பல்கலைக்கழகம். அதன் முதல் இரண்டு பட்டதாரிகள் சென்னைக்காரர்கள் இல்லை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். அமெரிக்க மிஷன் 1823-லேயே அங்கே கடை விரித்திருந்ததன் பலன்.

கிராமத்தில் வுட் கடிதம் மானியமாகத்தான் வந்து இறங்கியது. சென்னை மாகாணம் 1860களின் கடைசியில், பலனுக்கேற்ற மானியம் என்ற முறையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1862-ல் வந்ததன் நகல். அரசு புதிதாகப் பள்ளி கட்டாது. இருக்கிற திண்ணைப் பள்ளியைப் பதிவு செய்துகொள்ளும். வருஷத்தில் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சோதிப்பார். தேறிய தலைக்கும் தேறிய பாடத்துக்கும் இவ்வளவு என்று கூட்டி வாத்தியாருக்கு மானியம்.

காகிதத்தில் இது சுத்தமான ஏற்பாடு. நடப்பில் என்ன ஆகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லிவிடுவார். தேறாத பையனால் வாத்தியாருக்குக் காலணா பிரயோசனமில்லை. அவன் பின்வரிசைக்குப் போவான். தேறக்கூடியவனுக்கு அந்த ஒரு வாசகப் புத்தகத்தையே வருஷம் முழுக்க உருப்போட வைப்பார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுகூட அவன் வாசிப்பான். சோதனை நாளன்று காய்ச்சல் வந்த பிள்ளை வாத்தியாரின் வருமானத்தில் ஓட்டை. பணம் வருஷத்துக்கு ஒருமுறைதான். அதுவரை அரிசிக்கடையில் கடன். சோதனையை ஒட்டி ஊரில் ஊசி போடவோ அறுப்புக்கோ பிள்ளைகள் கலைந்துவிட்டால் கதை முடிந்தது. மனப்பாடக் கல்வி என்று இன்று நாம் திட்டுவதில் திண்ணையிலிருந்து வந்தது பாதி, இந்த மானிய விதியிலிருந்து வந்தது பாதி.

ஆனால் திண்ணையை மாற்றியதும் இதே விதிதான். மானியம் வேண்டுமென்றால் வருகைப் பதிவேடு வேண்டும், அச்சிட்ட வாசகம் வேண்டும், சிலேட்டு வேண்டும், மணிப்படி வகுப்பு வேண்டும். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி, பிரதமை என்று விடுமுறை விட்ட பள்ளி, ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா என்ற கணக்கு நடுவில் வந்து உட்கார, முந்திரியும் காணியும் மெல்ல ஓரத்துக்குப் போயின. எந்தப் பாடத்துக்கு மானியம் இல்லையோ அதை வாத்தியார் தானே விட்டுவிட்டார். தடை போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக நடந்திருக்காது.

பணம் எங்கிருந்து வந்தது? கோதாவரி ஜில்லாவில் 1850களில் நரசாபுரம் சப்-கலெக்டர் டெய்லர், குடியானவர்களைச் சம்மதிக்கவைத்து நிலவரியோடு பள்ளிக்கென்று ஒரு சிறு தொகை வசூலித்தார். அது 1863 சட்டமாகி, பிறகு 1871 உள்ளூர் நிதிச் சட்டமாக எல்லா ஜில்லாவுக்கும் வந்தது. நிலத்தின் வருஷக் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு ஓரணா வரை தலவரி, அதாவது உள்ளூர் வரி. சாலை, பள்ளி, சுகாதாரம் மூன்றுக்கும் அதுவே. சாலை தின்றது போகத்தான் பள்ளிக்கு. இங்கேதான் பணம் முழுதாகப் ‘பொது’ ஆகிறது. அந்த வரி கடைசியில் யார் முதுகில் விழுந்தது என்றால், வயலில் நின்றவன் முதுகிலும்தான். அவன் பிள்ளைக்கு வாசல் திறக்கவில்லை.

வாசல் விஷயத்தில் கொள்கை சீக்கிரமே வந்துவிட்டது. 1856-ல் பம்பாய் மாகாணத்துத் தார்வாடில் மகார் சாதிப் பையன் ஒருவன் அரசுப் பள்ளியில் சேர மனுக் கொடுத்தான், மறுத்தார்கள். மேலிடம் வரை விவகாரம் போய், அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொதுவானவை என்று லண்டன் சொல்லிவிட்டது. இந்தியக் கல்வியை ஆராய்ந்த 1882 ஹண்டர் கமிஷனும் அதையே சொன்னது, நிதானமாக நடைமுறைப்படுத்துங்கள் என்ற வாலோடு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டே அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். பள்ளிக்கூடம் அக்கிரகாரத்தில் இருக்கும் அல்லது கோயில் மண்டபத்தில் இருக்கும். விதிப்படி யாரும் சேரலாம், ஆனால் அந்தத் தெருவில் நடக்க முடியாது. மீறிச் சேர்த்தால் மற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளை குறைந்தால் மானியம் குறையும். வாத்தியாரே ‘நீ வராதே’ என்பார். சாதியும் மானிய விதியும் கைகோத்துக்கொண்ட இடம் இது.

செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1893-ல் சென்னை அரசு பஞ்சமர், அதாவது தீண்டாமைக்கு ஆளான சாதியார், கல்விக்கென்று தனி ஆணை போட்டது. பெரிய சேரிகளில் பள்ளி, பஞ்சமர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கூடுதல் மானியம். 1894-ல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பக்கம் இலவசப் பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளிகள் முன்பிருந்தே சேரிகளில் இருந்தன. நல்ல காரியம்தான். ஆனால் தனிப் பள்ளி கட்டுவது, பொதுப் பள்ளியின் வாசலைத் திறக்காமல் தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிட்டது.

பெண்களுக்குத் தடை வேறு மாதிரி. பெண்ணுக்குப் பாடம் சொல்லப் பெண் வேண்டும் என்றார்கள். படித்த பெண் இருந்தால்தானே வாத்தியாரம்மா கிடைப்பார்? பத்து, பன்னிரண்டு வயதில் கல்யாணம் ஆனால் பள்ளி அங்கேயே நிற்கும். இந்த முடிச்சைச் சகோதரி சுப்புலட்சுமி அவிழ்த்த விதம் சாமர்த்தியமானது: இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். சமூகம் மூலையில் உட்காரவைத்தவர்களே வகுப்பறைக்கு வந்தார்கள்.

இலாகா தொடங்கி ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 1901 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 11.9, பெண்கள் 0.9. கோகலே 1911-ல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதா கொண்டுவந்தார்; 1912 மார்ச்சில் 13-க்கு 38 என்று தோற்கடித்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் வெள்ளை அதிகாரிகள் மட்டும் இல்லை. எல்லோரும் படித்தால் வயலுக்கு யார் போவது என்று கவலைப்பட்ட நிலக்காரர்களும் இருந்தார்கள்.

சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் 1920-ல் வந்தது. நகராட்சியோ ஜில்லா போர்டோ விரும்பினால் கல்வி வரி போட்டுக் கட்டாயக் கல்வி கொண்டுவரலாம். கட்டாயம் என்றதும் பழைய கேள்வி திரும்பியது: கூலிக்குப் போகிற பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்தால் மத்தியானம் அவனுக்கு யார் சோறு போடுவது? பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி அதே வருஷம் ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், இன்னும் சில பள்ளிகளுக்கும் விரிந்தது. 1925-ல் அது நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு எழுதக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது.